டிவி ஸ்டிக் மக்கர் செய்கிறதா? சேலம், ஏற்காடு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட் வழியாக வரும் படங்களை டிவியில் காட்ட, டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகும் ஸ்டிக், அல்லது பக்கத்தில் வைக்கும் சின்னப் பெட்டி. ஃபயர் டிவி, கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு பாக்ஸ் எதுவாக இருந்தாலும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான். டிவி, நெட் வேலையாகச் சேலத்து வீடுகளுக்கும் ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களுக்கும் போகும்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. "ஸ்டிக் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் ஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் கரண்ட், அடுத்து வைஃபை, அப்புறம் வெளியிலிருந்து வரும் லைன், கடைசியில் ஆப். இந்த வரிசையில் பாருங்கள். காசு மிச்சமாகும்.

ஸ்டிக் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. சில நேரம் லோகோ வந்து அப்படியே நிற்கிறது. என்ன கோளாறு?

கரண்ட் போதவில்லை. வேறு எதையும் தொடுவதற்கு முன் ஸ்டிக்கின் ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருந்தால் காரணம் அதுதான். பழைய டிவிகளின் யுஎஸ்பி 0.5 ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியராவது வேண்டும், 4கே மாடல்களில் சிலவற்றுக்கு இன்னும் கூடுதல். மெனுவில் மேலும் கீழும் போகும்போது சமாளிக்கும், படம் ஓட ஆரம்பித்து ஸ்டிக் முழு வேகத்தில் உழைக்கும்போது படுத்துவிடும். அதனால்தான் "பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் ஆஃப் ஆகுது" என்று சொல்கிறார்கள்.

பெட்டியோடு வந்த அடாப்டரையும் ஒயரையும் போட்டு, சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். பழைய போன் சார்ஜர் ஒயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே செம்பு மெலிதாக இருந்தால் ஸ்டிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் குறைந்துவிடும்.

அம்மாபேட்டையில் ஒரு தறிக்கார வீட்டில் மாலை ஆனால் ஸ்டிக் மூன்று நான்கு முறை ரீஸ்டார்ட் ஆகிறது என்றார்கள். குறைந்த வோல்டேஜ்தான் காரணம் என்று முடிவே செய்துவிட்டார்கள். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தது. அதாவது கொஞ்சம் லோ வோல்டேஜ் வந்தாலும் அது தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடாப்டரின் பின் ஓட்டையில் ஆடிக்கொண்டிருந்தது, ஓட்டையின் விளிம்பு பழுப்பேறி உருகியிருந்தது. தறி ஓடுகிற அதிர்வில் ஒரு நொடி காண்டாக்ட் விட்டுப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பாக்ஸை மாற்றினார்கள், தொல்லை தீர்ந்தது. உருகிய பிளக் பாயின்ட் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. டிவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள்.

வெயில் காலத்தில் மட்டும் ஹேங்க் ஆகிறதே?

சூடு. சேலத்தில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும் நாட்களில் சுவரை ஒட்டி மாட்டிய டிவிக்குப் பின்னால் காற்றே போகாது. பெட்டியோடு ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வந்திருக்கும், பலர் அதைப் பிரிக்காமலே வைத்திருப்பார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் பின்புறத்திலிருந்து வெளியே தொங்கவிடுங்கள். சூடும் குறையும், வைஃபையும் கூடக் கிடைக்கும்.

100 எம்பி பிளான் போட்டிருக்கிறோம். போனில் எல்லாம் ஓடுகிறது. டிவியில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

கையில் இருக்கும் போனுக்குக் கிடைக்கும் வேகம் வேறு, டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டிக்குக்குக் கிடைக்கும் வேகம் வேறு. வேகத்தை ஸ்டிக்கிலேயே அளந்து பாருங்கள். ஃபயர் டிவியில் செட்டிங்ஸில் நெட்வொர்க் போய், உங்கள் வைஃபை பெயர்மீது நின்று பிளே பட்டனை அழுத்தினால் இணைப்பு எப்படி இருக்கிறது என்று காட்டும். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பிலும் நெட்வொர்க் சோதனை இருக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்றால், நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது: சாதாரண எச்டிக்கு 3 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5, 4கேக்கு 15. ஆகவே 100 எம்பி பிளானில் பத்தில் ஒரு பங்கு டிவிக்கு வந்து சேர்ந்தாலே ஃபுல் எச்டி நிற்காமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பெரிய பிளானுக்கு மாறிப் பிரயோஜனம் இல்லை. ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் ஏதோ தடுக்கிறது.

ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமாக இருக்கும், ஆனால் இரண்டு சுவர் வந்தால் சுருண்டுவிடும். ரூட்டரும் டிவியும் ஒரே ஹாலில் இருந்தால் ஸ்டிக்கை 5இல் இணையுங்கள். ரூம் தள்ளி இருந்தால் 2.4. செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற நெருக்கமான தெருக்களில் 2.4இல் பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். அங்கே ரூட்டரின் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதற்கு மாற்றினால் நிஜமாகவே வித்தியாசம் தெரியும். நெட் போட்டுக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். ரூட்டரை ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தியிருப்பார்கள், அல்லது பீரோவின் பின்னால் வைத்திருப்பார்கள். இரும்பு பீரோ வைஃபையை அப்படியே மறித்துவிடும். ரூட்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தலை உயரத்துக்கு மேல் இருக்கட்டும்.

காலையில் நன்றாக இருக்கிறது, இரவு 8 மணிக்கு மேல்தான் சுற்றுகிறது.

தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேட்டூர் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாக வருமே, அதே கதைதான். உங்கள் பகுதிக்கு நெட் கொடுப்பவர் எடுத்து வைத்திருக்கும் மொத்த அளவைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் பக்கத்தில்தான் கோளாறா என்று தெரிந்துகொள்ள, ரூட்டர் பக்கத்தில் நின்று காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்றால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். நேரத்தோடு எண்களைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். அதுவரை ஆப்பில் தரத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். 32 இன்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு 720க்கும் 1080க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஏற்காட்டில் எங்கள் வீடு பழைய கல் கட்டடம். ஹாலில் வரும் வைஃபை அடுத்த ரூமுக்கே வருவதில்லை. ரிப்பீட்டர் போட்டால் போதுமா?

சுவரின் கனத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பங்களாக்களில் ஜன்னல் திட்டில் ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவு கனமான கல் சுவர். வைஃபை சுவரைத் துளைத்துப் போவதில்லை, திறந்த கதவு வழியாகத்தான் வந்து சேர்கிறது. கதவைச் சாத்தினால் படம் நிற்பதற்கு அதுதான் காரணம். ரிப்பீட்டர் என்பது தனக்குக் கிடைக்கும் சிக்னலைத்தான் திருப்பி அனுப்பும். சிக்னல் செத்த இடத்தில் அதை வைத்துப் பயனில்லை. ரூட்டரும் டிவி ரூமும் இரண்டும் தெரிகிற வராந்தா மூலையில் வைத்தால் ஓரளவு உதவும்.

நிரந்தரத் தீர்வு ஒயர்தான். ரூட்டரிலிருந்து லேன் கேபிளை இழுத்து டிவி ரூமில் இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள், அல்லது ஸ்டிக்குக்கான ஈதர்நெட் அடாப்டர் வாங்கி நேராக ஒயரிலேயே கொடுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். கல் சுவரில் ஓட்டை போட மனம் வரவில்லை என்றால் ஜன்னல் சட்டத்தின் ஓரமாகவோ மச்சுப் பலகை வழியாகவோ இழுக்கலாம். ஆனால் பங்களாவிலிருந்து தனியாக இருக்கும் அவுட்ஹவுஸுக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். அங்கே ஃபைபர்தான் சரி. காரணம் அடுத்த கேள்வியில்.

இடி இடித்தால் ஸ்டிக்கைக் கழற்ற வேண்டுமா? டிவி பிளக்கை மட்டும் எடுத்தால் போதாதா?

போதாது. ஸ்டிக், டிவி, டிஷ் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று ஒயரால் கட்டுண்டவை. டிவி பிளக்கை எடுத்துவிட்டு டிஷ் கேபிளை விட்டுவிட்டால், மொட்டைமாடியில் இருக்கும் குடையிலிருந்து வரும் அதிர்ச்சி செட் டாப் பாக்ஸுக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவியைத் தொட்டு, அங்கிருந்து ஸ்டிக்கையும் கொண்டுபோய்விடும். மின்னல் வீட்டின்மேல் விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் எங்கேயோ விழுந்தாலே நீளமான செம்பு ஒயர்களில் பாய்ச்சல் வரும்.

சேர்வராயன் மலையில் காப்பி பூப்பதற்கு வேண்டிய கோடை மழை இடியோடுதான் வரும். வானம் இருட்டும்போதே ஸ்டிக் அடாப்டர், டிவி பிளக், டிஷ் கேபிள், ரூட்டர் அடாப்டர், லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்வது கணக்கில் வராது, பிளக் கையோடு வெளியே வர வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது, அதைக் கழற்றவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். அந்த ஃபைபர் பெட்டியின் அடாப்டர் மட்டும் போதும். தலைக்கு மேல் இடி இறங்க ஆரம்பித்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள். ஸ்டிக் போனால் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது.

ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

வெளியே லைன் அறுந்திருக்கிறது, அல்லது இழை எங்கேயோ மடங்கியிருக்கிறது. ஏற்காட்டில் காற்றுமழைக்குப் பிறகு சில்வர் ஓக் கிளை விழுந்திருக்கும். ஸ்டிக்கில் எதையும் மாற்றாதீர்கள், லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

லீவுக்கு ஏற்காடு போகும்போது வீட்டு ஸ்டிக்கை எடுத்துப் போகலாமா?

தாராளமாக. கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிடுங்கள். மலைக்குப் போய் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்ததும் ஸ்டிக் வீட்டு வைஃபை என்றே நினைத்துத் தானாக ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்டிக்காக இருந்தால் ஹாட்ஸ்பாட்டை 2.4இல் வையுங்கள். டேட்டாவில் மட்டும் கவனம்: நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், 4கே என்றால் 7 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. தரத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், அல்லது படத்தை வீட்டிலேயே போனில் டவுன்லோடு செய்துகொண்டு போங்கள்.

மலையில் சிக்னல் ரூமுக்கு ரூம் மாறும். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலில் போனை வைத்தால் பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும். லாட்ஜ் வைஃபையில் ரூம் நம்பர் கேட்கும் பக்கம் வந்தால், ஃபயர் டிவி அந்தப் பக்கத்தைத் திரையிலேயே காட்டும், ரிமோட்டால் அடித்துக்கொள்ளலாம். திரும்பும்போது ஸ்டிக்கை டிவியிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. உங்கள் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது.

ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி புதுசுதான்.

பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. மலை ஈரத்தில் இது சீக்கிரம் வரும். காதுக்குச்சியில் சில சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பேட்டரி போடுங்கள்.

ஸ்பிரிங் சுத்தமாக இருந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்கும். ஸ்டிக்கை ஒரு நிமிடம் பிளக்கிலிருந்து எடுத்துப் போட்டு, திரை வந்ததும் ஃபயர் டிவி ரிமோட்டில் ஹோம் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். மற்ற பட்டன் எல்லாம் வேலை செய்து வால்யூம் மட்டும் செய்யவில்லை என்றால் அது வேறு சங்கதி. மெனு பட்டன்கள் புளூடூத்தில் போகின்றன, வால்யூமும் பவரும் டிவியின் கண்ணுக்கு நேராகப் போகும் பழைய அகச்சிவப்புக் கதிர். செட்டிங்ஸில் எக்விப்மென்ட் கன்ட்ரோல் போய் டிவியின் கம்பெனியை மறுபடி தேர்ந்தெடுங்கள். சவுண்டு பார் டிவியின் கண்ணை மறைத்து நின்றாலும் இதே கதிதான்.

ரிமோட் தொலைந்தே போனால் ஃபயர் டிவி ஆப்பைப் போனில் போட்டு அதையே ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம். போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ரூட்டரையும் மாற்றி ரிமோட்டும் இல்லை என்றால் இரண்டு போன் வேண்டும்: ஒன்றில் பழைய வைஃபையின் பெயரிலேயே ஹாட்ஸ்பாட், இன்னொன்றில் ஆப்.

சத்தம் வருகிறது, படம் இல்லை. இன்னொரு வீட்டில் படம் வருகிறது, சத்தம் இல்லை.

படம் இல்லை என்றால் டிவியால் காட்ட முடியாத அளவில் ஸ்டிக் படம் அனுப்புகிறது என்று சந்தேகப்படுங்கள். பழைய டிவியில் 4கே ஸ்டிக் போட்டால் நடக்கும். ஃபயர் டிவி ரிமோட்டில் மேல் அம்பையும் ரீவைண்டையும் சேர்த்து 10 நொடி பிடித்தால் அளவுகள் ஒவ்வொன்றாக மாறும், படம் தெரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மெனு தெரிகிறது, நெட்ஃபிளிக்ஸ் படம் மட்டும் கறுப்பாகிறது என்றால் நடுவில் இருக்கும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரைக் கழற்றி ஸ்டிக்கை நேராக டிவியில் போடுங்கள். திருட்டுப் பதிவைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டை மலிவான ஸ்பிளிட்டர்கள் பல புரிந்துகொள்வதில்லை.

சத்தம் இல்லை என்றால் ஆடியோ செட்டிங்கில் டால்பியை எடுத்துவிட்டு பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று வையுங்கள். பழைய ஹோம் தியேட்டர்களில் பெரும்பாலும் இதோடு தீரும்.

பக்கத்து வீட்டில் கைதட்டின பிறகுதான் எங்கள் டிவியில் விக்கெட் விழுகிறது. ஸ்டிக் மெதுவாகிவிட்டதா?

இல்லை. நெட் வழியாக வரும் நேரலை சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டு, சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடும். அரை நிமிடம் வரை பின்தங்கும். சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போடுவதை முடிந்தவரை உடனுக்குடன் பார்த்தாக வேண்டும் என்றால் கேபிளும் டிஷ்ஷும்தான் வழி.

குறிப்பிட்ட ஒரு ஆப் மட்டும் திறக்கவில்லை.

அந்த ஆப்பின் கேஷை, அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் தரவை, கிளியர் செய்யுங்கள். கிளியர் டேட்டா கொடுத்தால் மறுபடி லாகின் கேட்கும், பாஸ்வேர்டு நினைவிருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். பல ஸ்டிக்குகளில் மொத்த இடமே 8 ஜிபி, அதில் ஒரு பெரும் பங்கு ஸ்டிக்கின் சொந்த மென்பொருளுக்கே போய்விடும். பார்க்காத ஆப்களை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் சுறுசுறுப்பாகும். தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் ஆப்கள் நெட்டோடு பேச மறுக்கும்.

சில சமயம் கோளாறு கம்பெனியிடமே இருக்கும். 2025 மார்ச்சில் கூகுளின் பழைய ஸ்டிக்கான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுவதும் ஒரே நாளில் நின்றன. உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். அவசரப்பட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொன்னது. செய்தவர்களுக்கு மறுபடி செட்டப் செய்வது பெரும்பாடாகிவிட்டது. பொறுமையாக இருந்தவர்களுக்குச் சில நாட்களில் தானாகச் சரியானது. ஆகவே ஆப் திடீரென்று நின்றால், அதே ஸ்டிக் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

அப்படியானால் ஃபேக்டரி ரீசெட் எப்போதுதான் செய்வது?

மேலே சொன்ன எல்லாம் பார்த்த பிறகு, எல்லா ஆப்பின் பாஸ்வேர்டும் கையில் இருக்கும்போது. சாதாரண ரீஸ்டார்ட்டுக்கு ஃபயர் டிவியில் நடு பட்டனையும் பிளேயையும் சேர்த்து 5 நொடி பிடித்தால் போதும்.

ஆக்டிவேஷன் கோடு போட நெட்டில் தேடினேன். ஒரு நம்பர் வந்தது. பேசினால் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டவே கூடாது. டிவியில் வரும் ஆக்டிவேஷன் கோடு எண்ணைப் போட எந்தக் கம்பெனியும் காசு கேட்பதில்லை. கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடினால் மேலே வரும் எண்களில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கும். முகவரியைத் தேடாமல், டிவித் திரையில் என்ன காட்டுகிறதோ அதை அப்படியே போன் பிரவுசரின் மேல் பட்டையில் அடியுங்கள், அல்லது திரையில் உள்ள கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள். போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான தேசிய எண் அது. பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இந்த எண்ணை டிவி பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஓய்வூதியப் பணத்தை இப்படி இழந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மலிவாக ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் கிடைக்கிறது, எல்லா சேனலும் இலவசம் என்கிறார்கள்.

வேண்டாம். பெயர் தெரியாத பெட்டிகளில் பலவற்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் அனுமதி இருக்காது. 4கே என்று அட்டையில் போட்டிருந்தாலும் வைட்வைன் என்னும் பூட்டின் கீழ்ப்படி மட்டுமே இருப்பதால் படம் 480க்கு மேல் தெளியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, சில பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே கெட்ட மென்பொருளோடு வருகின்றன. பேட்பாக்ஸ் 2.0 என்ற அப்படி ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. உங்கள் வீட்டு நெட்டை வைத்து வேறு யாரோ குற்றம் செய்ய அந்தப் பெட்டி வழிவிடும்.

ஸ்டிக் நிஜமாகவே போய்விட்டது என்று எப்போது முடிவு செய்வது?

இன்னொரு வீட்டு டிவியில், இன்னொரு அடாப்டரில், இன்னொரு ஒயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் உயிர் வரவில்லை என்றால் போய்விட்டது. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லையா, பில்லைத் தேடுங்கள், வாரன்டி இருக்கலாம். ஸ்டிக் ஓடுகிறது, ஆப்தான் ஆதரவை நிறுத்திவிட்டது என்றாலும் மாற்றத்தான் வேண்டும். 2014, 2016இல் வந்த முதல் ஃபயர் ஸ்டிக்குகளில் 2025 ஜூனோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுவிட்டது.

பழையதை யாருக்காவது கொடுப்பதற்கோ குப்பையில் போடுவதற்கோ முன், போனில் உங்கள் கணக்கைத் திறந்து சாதனங்களின் பட்டியலில் அந்த ஸ்டிக்கை நீக்கிவிடுங்கள். செத்த ஸ்டிக்கையும் இப்படி நீக்க முடியும். ரிமோட்டில் இருக்கும் பேட்டரியைக் கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் இரண்டையும் கொடுத்துவிடலாம்.